தாயும் பந்தியில் அமர ஒரு வழி

பண்டிகை நாளில் எல்லோரும் உண்டு முடித்த பின்னர், ஆறிப்போன உணவை அடுக்களையில் தனித்திருந்து உண்பவர் யார் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஒரே விடைதான் கிடைக்கும். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய தாய்தான் அவர். இக்குறை நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க இல்லத்தரசிகளும் இதனை நன்கறிவர். இதற்கு அவர்கள் கண்ட பரிகாரங்களுள் ஒன்றை இவ்வாரம் நமது வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை ‘நன்றியறிதல் நாள்’ எனக் கொண்டாடப்படுகின்றது. 1863ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் இதனை நாடளாவிய விழாவாகப் பிரகடனஞ் செய்தார். இன்றைய கிழமை 1941ஆம் ஆண்டில் சட்டத்தால் உறுதியாயிற்று. கனடாவிலோ, 1957ஆம் ஆண்டு முதல் ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமையே இவ்விழாவுக்குரிய நாளாகும். நம்மவர் பலர் ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். ஆதலால், இவ்விருந்து நமது வாசகர் பலரின் உற்றார் உறவினருக்குப் புதியதன்று.

அன்றைய விருந்தின் தலையாய உணவு வான்கோழி. ஏறக்குறைய 7 கிலோகிராம் நிறையுள்ள வான்கோழி போறணையில் வேகுவதற்கு நான்கு மணி நேரம் வரை செல்லும். அதனுடன் மசித்த உருளைக்கிழங்கும் இன்றியமையாதது. ஆனால் கிழங்கைத் தோல் சீவி, அவித்து, நீர் வடித்து, மசிக்கும் வேலை முழுவதும், விருந்தினர் வாசலில் வந்து நிற்கும் கடைசி ஒரு மணி நேரத்திலேயே வந்து சேருகின்றது. இவ்வேலையை முதல் நாளே முடித்து வைக்கும் முறைதான் உருளைக்கிழங்குக் கசரோல். கசரோல் என்பது பிரெஞ்சு மொழியில் சமையற் பாத்திரத்தைக் குறிக்குஞ் சொல். அமெரிக்காவில் அகன்ற பாத்திரத்தில் இட்டுப் போறணையில் சுட்டு, அப்பாத்திரத்துடனேயே மேசைக்குக் கொண்டுவரப்படும் உணவுக்கும் அதுவே பெயராயிற்று.

முதல் நாள் மசித்த கிழங்கை மறுநாள் சூடாக்கினாற் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். நாமும் ஒருமுறை அவ்வாறே எண்ணினோம். வேலை விரைவாக முடியட்டுமென்று அரைக்கும் இயந்திரத்தில் கிழங்கை இட்டோம். கிடைத்தது உணவன்று, கடிதம் ஒட்டுவதற்கேற்ற பசை. அதனை மறுநாள் சூடாக்கியபோது மேலும் இறுகிப்போயிற்று.

இதன் காரணத்தை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. கிழங்கு அவியும்போது அதிலுள்ள மாப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அவற்றை இயந்திரத்தால் அடித்தால் மணிகள் உடைந்து, உள்ளிருக்கும் மாப்பொருள் வெளிப்பட்டுப் பசையாகின்றது. குளிரும்போதோ, அமைலோசு எனப்படும் மாப்பொருளின் நீண்ட இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி இணைந்து, நீரை வெளியே தள்ளுகின்றன. முதல் நாளைய கிழங்கு மறுநாள் இறுகி வறண்டு போவது இதனாலேயே. போதிய கொழுப்பும் பாற்பொருள்களும் சேர்த்தால் கலவை குளிர்ந்த பின்னரும் மென்மை குன்றாது. இதற்காகவே அமெரிக்கப் பெண்கள் கிறீம் சீஸையும் புளித்த கிறீமையும் இதிற் சேர்க்கின்றனர்.

இனிச் செய்முறையைக் காண்போம். பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பின்வரும் அளவு போதுமானது: மாச்சத்து மிகுந்த உருளைக்கிழங்கு இரண்டேகால் கிலோகிராம், கிறீம் சீஸ் 225 கிராம், புளித்த கிறீம் 240 மில்லிலீற்றர், பட்டர் 115 கிராம், சூடான பால் 120 மில்லிலீற்றர், சுவைக்கேற்ப உப்பும் மிளகுத்தூளும். கிறீம் சீஸையும் பட்டரையும் முன்னரே வெளியே எடுத்து இளகவிடுதல் வேண்டும்.

கிழங்கைத் தோல் சீவி ஒரே அளவான துண்டுகளாக வெட்டி, உப்பிட்ட குளிர்ந்த நீரில் இட்டு அடுப்பில் ஏற்றுக. கொதிநீரில் இட்டால் வெளிப்புறம் குழைந்தும் உட்புறம் வேகாமலும் போகும். கத்தி முனை தடையின்றி இறங்கும் பதத்தில் நீரை நன்கு வடித்து, வெறும் பானையில் ஓரிரு நிமிடம் மெல்லிய நெருப்பில் வைத்து ஈரம் போக்குக. பின்னர் கையாலேயே மசித்தல் வேண்டும்; கீரை கடையும் மத்து இதற்குப் போதும். முதலில் பட்டரைச் சேர்க்க. கொழுப்பு மாப்பொருளைச் சூழ்ந்து பசைத்தன்மையைக் குறைக்கும். அடுத்துக் கிறீம் சீஸ், புளித்த கிறீம், பால், உப்பு, மிளகு என்பவற்றைச் சேர்த்துக் கட்டியின்றிக் கலக்குக. கலவை சற்று நெகிழ்ச்சியாகவே இருக்கட்டும். மறுநாள் அது இறுகும்.

பட்டர் பூசிய அகன்ற பாத்திரத்தில் இதனைப் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். இவ்விடத்திற் கவனம் மிகவுந் தேவை. பாலுங் கிழங்கும் சேர்ந்த உணவில் நோய்க்கிருமிகள் விரைவிற் பெருகும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் அது குளிர்சாதனப் பெட்டிக்குட் சென்றுவிட வேண்டும். வெப்பநிலை 32 பாகை செல்சியஸைக் கடக்கும் இடங்களில் ஒரு மணி நேரமே எல்லை. இரண்டு நாட்களுக்கு மேல் வைத்திருத்தலுந் தகாது. இடையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் தடைப்பட்டிருப்பின், உழைப்பு வீணாயிற்றே என்று வருந்தாது அதனை எறிந்துவிடுக.

விருந்து நாளன்று வான்கோழியை வெளியே எடுத்தபின், வெட்டுவதற்கு முன்னர் சிறிது நேரம் ஆறவிடுவர். போறணை வெறுமையாகும் அந்நேரமே கசரோலுக்கு உரியது. குளிர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடான போறணையில் உடனே வைத்தால் வெடித்துவிடக் கூடும்; ஆகவே அரைமணி நேரம் முன்னதாக அதனை வெளியே எடுத்து வைக்க. மேலே சில பட்டர்த் துண்டுகளை இட்டு, 175 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முக்கால் மணி நேரம் வரை சுட்டால், நடுப்பகுதியும் நன்கு கொதித்து, மேற்பரப்பு பொன்னிறமாகும்.

நத்தார் விருந்துக்கு இதனைச் செய்ய விரும்பும் நம் நாட்டவர், நுவரெலியாவிலும் பதுளைப் பகுதியிலும் விளையுங் கிழங்கைப் பயன்படுத்தலாம். அவித்தால் மாவாக உதிரும் கிழங்கே இதற்கு உகந்தது. புளித்த கிறீம் கிடையாவிடின், இனிப்பில்லாத கட்டித் தயிரை மெல்லிய துணியிற் கட்டி நீர் வடித்துச் சேர்க்கலாம். கிறீம் சீஸின் விலை அதிகமெனின் அதன் அளவைச் சற்றுக் குறைக்கலாம். முற்றாக விட்டுவிட்டால் மறுநாள் மென்மை இராது.

கிழங்கின் தோலைச் சீவவும் மத்தைப் பிடிக்கவும் பிள்ளைகளால் முடியும். விருந்தின் முதல் நாள் மாலையில் அவர்கள் அடுக்களைக்கு வந்து இவ்வேலையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். மறுநாள் மேசையைச் சுற்றி எல்லோரும் அமரும்போது, தாயின் நாற்காலி வெறுமையாக இருக்கின்றதா என்பதையும் ஒருமுறை பார்க்கட்டும்.