புயல் ஒன்றுதான், பாதிப்பு ஊருக்கு ஊர் வேறு

கடலிலிருந்து சுமார் 60 கி.மீ. உள்ளே இருக்கிறது காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம். ‘புயலெல்லாம் கடற்கரைக்காரர்களுக்குத்தான்’ என்று இங்கே நிம்மதியாக இருந்துவிட முடியுமா? 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது ஃபெஞ்சல் புயல். அதன் மழை, கடலிலிருந்து சுமார் 150 கி.மீ. தள்ளியிருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது.

ஆபத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

ஓர் ஊரை நேராகத் தாக்கிய பெரும்புயல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை மட்டும் வைத்து ஆபத்தை அளவிட முடியாது. அதனால் பழைய புயல்களின் பாதை, வேகம், தரையேறியபின் வலுவிழக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களைக் கணினியில் உருவாக்குகிறார்கள். ஒவ்வொன்றையும் மக்கள்தொகை வரைபடத்தின்மீது ஓடவிட்டு, எத்தனை வீடுகள் அதன் பாதையில் சிக்குகின்றன என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் டொர்னாடோ சுழற்காற்றுக்கும் இதே முறைதான். அங்கே கண்ட முக்கிய உண்மை: காற்று மாறாவிட்டாலும், நகரம் அகல அகல அதில் மாட்டும் வீடுகள் பெருகும்.

நம்மூர்க் கணக்கு

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் காவிரி டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைத் தாக்கியபோது மின்சாரம், செல்போன், போக்குவரத்து எல்லாம் முடங்கின. கஜாவே டெல்டாவுக்குப் பதில் சென்னைப் பக்கம் வந்திருந்தால் இழப்புப் பட்டியலே வேறு. 1,189 சதுர கி.மீ. ஆக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்க 2022-ல் அரசு ஆணையிட்டது. விரியும் நகரம் காஞ்சிபுரம் பக்கமும் நெருங்குகிறது.

தறியையும் எண்ண வேண்டும்

தலைகளை மட்டும் எண்ணும் வரைபடத்தில் காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டு நெசவாளர் வீடு சாதாரண வீடாகத்தான் தெரியும். ஆனால் வீடேதான் பட்டறை. குழித்தறியில் தண்ணீர் இறங்கினால் குழி காயும்வரை மிதிக்கக் கால் வைக்க முடியாது. இரண்டு மூன்று சேலைக்கான பாவு (நெடுக்கு இழை) நனைந்தால் பட்டும் ஜரிகையும் வீண். சேலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அத்தனை நாளும் வருமானம் இல்லை. தறி எத்தனை, அவற்றில் தாழ்வான தெருக்களில் இருப்பவை எத்தனை என்ற கணக்கையும் சேர்த்தால்தான், மழைக்கு முன் எந்தத் தெருவில் முதலில் வடிகால் தூர்வார வேண்டும் என்பதை உள்ளாட்சி அமைப்பு முடிவு செய்ய முடியும்.