எதிர்க்கரையில் ஒரு கடற்கரை
மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நம்மவர்கள் விடுமுறை வந்தால் ஊருக்கு ரயில் ஏறுகிறோம். எதிர்க்கரையை எட்டிப் பார்ப்பதில்லை. ஃபோர்ட் கொச்சியில் ஜங்கார் ஏறினால் வைப்பின் தீவு. 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தில் உருவானது என்பார்கள். அதன் வடபகுதியில் செராய் கடற்கரை: ஒருபுறம் கடல், மறுபுறம் காயல், நடுவே காலாற நடக்கலாம். தீவின் பொக்காளி வயல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. மழையில் உப்பு கரைந்ததும் நெல். அறுப்பு முடிந்து உப்பு ஏறியதும் அதே வயலில் இறால். தஞ்சாவூர்க்காரனான எனக்கே அது புதுசு! இரவு தங்க ஹோம்ஸ்டேக்கள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் கடலில் இறங்க வேண்டாம், அலை மூர்க்கமாக இருக்கும். மற்ற மாதங்களிலும் பிள்ளைகளின் கையை விடாதீங்க. 2004 டிசம்பர் சுனாமி இதே தீவின் எடவனக்காட்டில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஓடி ஏற அங்கே மேடு ஏது?