மைசூரு ஜாவா: ஓடும் பாரம்பரியத்துக்கு விதியில் இடம் உண்டா?

புது தில்லி: மைசூரில் 1961-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலை, 1996-இல் மூடப்பட்டது. ஆயினும் அங்கு உருவான ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் இன்னும் ஓடுகின்றன. ஆண்டுதோறும் ஜூலை இரண்டாவது ஞாயிறன்று, சர்வதேச ஜாவா-யெஸ்டி தினத்தில், உரிமையாளர் சங்கத்தினர் ஒன்றுகூடி அணிவகுத்துச் செல்கின்றனர்.

இவ்வண்டிகளின் எதிர்காலமோ தில்லியில் வகுக்கப்படும் விதிகளில் உள்ளது. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிப்படி, மாற்றம் செய்யப்படாத, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் 'விண்டேஜ்' பதிவு பெறலாம். புதிய பதிவுக் கட்டணம் ரூ.20 ஆயிரம். ஆனால், கண்காட்சி, விண்டேஜ் பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே அவற்றைச் சாலையில் ஓட்டலாம். நெடும்பயணமே நோக்கமான சங்கங்களுக்கு இக்கௌரவம் கால்விலங்காகும். அதைத் தவிர்த்தால், பழைய வண்டி என்ற முறையில் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்பதற்கும் ஓட்டுவதற்கும் இடையிலான இம்முரணை நீக்குவது அரசின் கடமை.