புராஸ்டேட் புற்றுநோய்: ஹார்மோன் சிகிச்சையில் கரையும் தசை... வலிமையைக் காப்பது எப்படி?

புது டெல்லி: புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ அளவு குறைகிறது. நோய் கட்டுக்குள் வந்திருப்பதாக மருத்துவர் கூற, குடும்பத்தினர் நிம்மதி அடைகின்றனர். ஆனால், அதே காலகட்டத்தில் நோயாளியால் தரையில் அமர்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிவதில்லை. மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் கால்கள் தளர்கின்றன. வயதின் விளைவு என்று பலரும் ஒதுக்கிவிடும் இந்தத் தளர்ச்சிக்கு, உயிரைக் காக்கும் அந்தச் சிகிச்சையும் ஒரு முக்கியக் காரணம். முறையான உடற்பயிற்சியாலும் உணவாலும் இதைப் பெருமளவு தடுக்க முடியும்.

டெல்லி, கொல்கத்தா, புனே, திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் ஆண்களைத் தாக்கும் முன்னணிப் புற்றுநோய்களில் ஒன்றாக புராஸ்டேட் புற்றுநோய் இருப்பதைப் புற்றுநோய்ப் பதிவேடுகள் காட்டுகின்றன. உலக அளவில் 2020-ல் 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகளின் ஆண்டு எண்ணிக்கை, 2040-ல் 29 லட்சமாக உயரக்கூடும் என்று லான்செட் ஆணையம் 2024-ல் கணித்தது. இவர்களில் கணிசமானோர் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஹார்மோன் சிகிச்சை பெற வேண்டியிருக்கும்.

ஹார்மோன் சிகிச்சை என்ன செய்கிறது?

ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. அதன் அளவைக் குறைத்தால் நோய் கட்டுப்படும் என்பதை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் நிறுவினார். இதற்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்று லூப்ரோலைடு, கோசெரலின், டெகாரெலிக்ஸ் போன்ற ஊசிகளாலும், ரெலுகோலிக்ஸ் மாத்திரையாலும் விரைகளில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது தடுக்கப்படுகிறது. விரைகளை அகற்றும் அறுவை சிகிச்சையும் நடைமுறையில் உள்ளது. கதிர்வீச்சுடன் சேர்த்து வழங்கும்போது இச்சிகிச்சை 6 மாதங்கள் முதல் 3 ஆண்டுகள் வரை நீடிக்கலாம். நோய் பரவியிருந்தால் பெரும்பாலும் தொடர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எடை கூடுகிறது, வலிமை குறைகிறது

தசையில் புரதம் உருவாவதைத் தூண்டுவதும், எலும்பின் அடர்த்தியைக் காப்பதில் பங்கு வகிப்பதும் இதே டெஸ்டோஸ்டிரோன்தான். அது குறையும்போது தசை கரைந்து, கொழுப்பு சேர்கிறது. லூப்ரோலைடு ஊசி பெற்ற ஆண்களை 48 வாரங்கள் கண்காணித்து 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவர்களின் உடல் கொழுப்பு சராசரியாக 9.4 சதவீதம் உயர்ந்திருந்தது. கொழுப்பு நீங்கலான உடல் நிறை 2.7 சதவீதம் குறைந்திருந்தது.

இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கும் இதுவே காரணம். எடைக் கருவியில் எண் கூடுவதைக் கண்டு, உடம்பு தேறிவிட்டதாகக் குடும்பத்தினர் கருதக்கூடும். உண்மையில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடியிருக்கும். தொடையும் தோளும் மெலிந்திருக்கும். சர்க்கரை நோய் ஏற்படும் வாய்ப்பும் அதிகரிக்கும்.

தசையுடன் எலும்பும் பலவீனமடைவது ஆபத்தை இரட்டிப்பாக்குகிறது. நோய் கண்டறியப்பட்ட பிறகு 5 ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தவர்களை ஆராய்ந்து 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்களில் 19.4 சதவீதம் பேருக்கு எலும்பு முறிவு ஏற்பட்டது. அச்சிகிச்சை பெறாதவர்களில் இது 12.6 சதவீதமாக இருந்தது. முதிய வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால், பிறர் உதவியின்றி நடமாடுவதே கேள்விக்குறியாகிவிடும்.

ஹார்மோன் இல்லாமல் தசை வளருமா?

வளரும். தசை, ஹார்மோனுக்கு மட்டுமின்றி, தன்மீது ஏற்றப்படும் சுமைக்கும் நேரடியாக எதிர்வினை ஆற்றுகிறது. கனடாவில் ஹார்மோன் சிகிச்சை பெற்ற 155 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2003-ல் வெளியானது. அதில் 12 வாரங்களுக்கு, வாரம் 3 முறை எடைப் பயிற்சி செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்து, தசை வலிமை கூடியது. ஆஸ்திரேலியாவில் 57 பேர் பங்கேற்று 2010-ல் வெளியான ஆய்விலும், எடைப் பயிற்சியுடன் ஏரோபிக் பயிற்சியும் செய்தவர்களின் தசை நிறையும் நடக்கும் திறனும் மேம்பட்டன.

எடை தூக்கினால் டெஸ்டோஸ்டிரோன் கூடி, புற்றுநோய் மீண்டும் வளரும் என்ற அச்சம் சிலரிடம் உள்ளது. சிகிச்சை பெறுபவர்களின் உடலில் அந்த ஹார்மோன் சுரக்கும் வழியே அடைக்கப்பட்டிருக்கிறது. பயிற்சியால் டெஸ்டோஸ்டிரோனோ பிஎஸ்ஏவோ உயரவில்லை என்பதை ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன.

வாரத்துக்கு எவ்வளவு பயிற்சி?

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால், தசையைக் காக்க அது மட்டும் போதாது. புற்றுநோயாளிகளுக்காக அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம் இதுதான்: வாரம் 3 நாட்கள், தலா 30 நிமிடங்கள் மிதமான வேகத்தில் நடைப்பயிற்சி போன்ற பயிற்சி, வாரம் 2 நாட்கள் வலிமைப் பயிற்சி. ஒவ்வொரு வலிமைப் பயிற்சியையும் 8 முதல் 15 முறை வீதம், 2 சுற்றுகள் செய்ய வேண்டும்.

இதற்கு ஜிம்முக்குச் செல்ல வேண்டியதில்லை. கைகளைப் பயன்படுத்தாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குவது ஆகியவற்றுடன் தொடங்கலாம். எளிதாகத் தோன்றத் தொடங்கியதும் சுமையைச் சிறிது கூட்ட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. இரு வலிமைப் பயிற்சி நாட்களுக்கு இடையே ஒரு நாள் இடைவெளி தேவை.

வீட்டிலேயே ஒரு சோதனை

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து அமர ஆகும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். அருகில் ஒருவர் துணைக்கு இருப்பது நல்லது. 12 நொடிகள் அல்லது அதற்கு மேல் ஆனால், உடல் செயல்திறன் குறைந்திருப்பதற்கான அறிகுறியாக ஆசிய தசை இழப்பு நோய்க்கான பணிக்குழு 2019-ல் வரையறுத்துள்ளது. ஆண்களின் கைப்பிடி வலிமை 28 கிலோவுக்குக் குறைவாக இருப்பதும் எச்சரிக்கையாகக் கருதப்படுகிறது.

தட்டில் புரதம் இருக்கிறதா?

பயிற்சி மட்டும் செய்து, சோறும் குழம்புமாகச் சாப்பிட்டால் தசைக்குத் தேவையான புரதம் கிடைக்காது. புற்றுநோயாளிகள் தினமும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் பெற வேண்டும் என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையிலோ 200 மில்லி பாலிலோ சுமார் 6 கிராம் மட்டுமே உள்ளது. எனவே பருப்பு, சுண்டல், தயிர், பனீர், மீன், கோழி போன்றவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்பது நல்லது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தை அதிகரிக்கக் கூடாது. கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஆகியவை குறித்தும் மருத்துவரின் ஆலோசனை அவசியம்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

எலும்புக்கு நோய் பரவியவர்கள், இதய நோய் அல்லது கடும் ரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவரின் அனுமதி பெற்று, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் மட்டுமே பயிற்சி செய்ய வேண்டும். நோய் பரவிய எலும்பின்மீது சுமை விழாதவாறு பயிற்சிகளை மாற்றியமைக்க இயலும். திடீர் முதுகுவலி, கால்களில் பலவீனம் அல்லது மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவை தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தசையை வளர்ப்பதாகக் கூறி விற்கப்படும் ஹார்மோன் ஊசிகளையும், உள்ளடக்கம் தெரியாத பவுடர்களையும் தவிர்க்க வேண்டும். அவற்றில் டெஸ்டோஸ்டிரோன் போன்ற பொருட்கள் இருந்தால், நோயையே தூண்டிவிடக்கூடும். தளர்ச்சிக்கு அஞ்சி ஹார்மோன் சிகிச்சையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது.

இழந்த தசையை மீட்பதைவிட இருப்பதைக் காப்பது எளிது என்பதால், சிகிச்சை தொடங்கும்போதே பயிற்சியையும் தொடங்குவது சிறந்தது. நோயாளியை எந்த வேலையும் செய்யவிடாமல் படுக்கவைப்பது அன்பின் வெளிப்பாடாகத் தோன்றினாலும், அது தசை இழப்பை விரைவுபடுத்தும். அடுத்த ஊசிக்குச் செல்லும் நாளில், பிஎஸ்ஏ அறிக்கையுடன் நாற்காலியிலிருந்து 5 முறை எழ எத்தனை நொடிகள் ஆயின என்பதையும் எழுதி எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டலாம்.