லேசர் மெஷினுக்கு எந்த யுபிஎஸ்?

ஆத்தூர்க்காரர்களுக்கு மின்வெட்டு புதிதல்ல. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் போன நாட்களைச் சேலம் மாவட்டத்துப் பட்டறைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்த நிலை இல்லை. துணைமின் நிலையப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போகும் கரன்ட், மதியமோ மாலையோ வந்துவிடும். அதுவும் முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். சொல்லாமல் வரும் நொடிப்பொழுது வெட்டுதான் லேசர் கட்டிங் மெஷினுக்கு எதிரி.

பெயர்ப்பலகைக்கு 8 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டை வெட்டும்போது கரன்ட் போனால், ஹெட் அப்படியே நின்றுவிடும். விட்ட இடத்தை நினைவில் வைக்கும் கன்ட்ரோலர்கள் உண்டு. ஆனாலும் மறுபடி தொடங்குகையில் கோடு மயிரிழை விலகினால் போதும், ஓரத்தில் தழும்பு விழுந்து ஷீட் வீணாகும். புகையிழுக்கும் புளோயரும் காற்றூதும் பம்பும் சேர்ந்தே நிற்பதால், வெட்டுவாயில் பற்றிய சிறு தீ அணையாமல் பரவும் ஆபத்தும் இருக்கிறது.

பெயர்ப்பலகைக் கடைகளில் ஓடும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டறிந்தவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அருமையான கண்டுபிடிப்பு, ஆனால் கரன்ட் கொஞ்சம் அதிகம் குடிக்கும். 80 வாட் என்று எழுதியிருக்கும் டியூபுக்கே பவர் சப்ளை சுமார் 600 வாட் இழுக்கும். புளோயருக்கு 550, டியூபுக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லருக்கு 400 வாட் அளவில், பம்பும் மோட்டார்களும் சேர்த்தால் மொத்தம் 1,700 வாட்டைத் தொடும். 80 வாட்டைப் பார்த்து யுபிஎஸ் வாங்கியவர் ஏமாறுவது இங்கேதான்.

3 கேவிஏ யுபிஎஸ்ஸின் பவர் ஃபேக்டர் 0.8 என்றால், தாங்குவது 2,400 வாட். இந்த மெஷினுக்கு அது போதும். ஆனால் கரன்ட் போகும்போது இடைவெளியே விடாத ஆன்லைன் வகையாக இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும் சிறு இடைவெளியிலேயே கன்ட்ரோலர் அணைந்துவிடலாம். சில்லரை மட்டும் வெளியே விட்டுச் செலவைக் குறைக்க நினைக்கக் கூடாது. தண்ணீர் ஓடாமல் லேசர் எரிந்தால் கண்ணாடி டியூப் வெடித்துவிடும். மோட்டார்கள் கிளம்பும்போது பல மடங்கு கரன்ட் கேட்கும் என்பதால் முதலில் புளோயர், அடுத்து சில்லர், கடைசியில் லேசர் என்று ஒவ்வொன்றாகப் போடுவது நல்லது.

12 வோல்ட், 42 ஆம்பியர்-அவர் பேட்டரி எட்டு வைத்தால் கணக்குக்கு 4,032 வாட்-அவர். பாதியை நம்பினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். ஓடும் வேலையை முடிக்க அது தாராளம். பராமரிப்பு நாளை ஓட்ட ஜெனரேட்டர்தான் வழி. யுபிஎஸ் அளவைப் போல இரு மடங்கு கேவிஏ உள்ளதாகப் பார்த்தால் வோல்டேஜ் தள்ளாடாது.

தகடு வெட்டும் ஃபைபர் லேசரின் கணக்கு வேறு. 3 கிலோவாட் சோர்ஸ் மட்டுமே சுமார் 10 கிலோவாட் இழுக்கும். அங்கே முழு மெஷினையும் பேட்டரியில் ஓட்ட நினைப்பது வீண் செலவு; கன்ட்ரோலருக்கும் கம்ப்யூட்டருக்கும் யுபிஎஸ், மற்றதற்கு ஜெனரேட்டர்.

எதை வாங்கினாலும் எர்த்தைச் சோதிக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு லேசர் டியூபில் ஏறுவது சுமார் 20,000 வோல்ட். யுபிஎஸ் கடைக்குப் போகும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து, எல்லாம் ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்துச் சீட்டில் குறித்து, அந்தச் சீட்டோடு போங்கள்.