நெருப்புக்கு இணங்கிய கல், மின்சாரத்துக்கு இணங்கிய சுண்ணாம்பு

100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் கிடைக்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும்.

சுண்ணாம்புக்கல் வேதியியலில் கால்சியம் கார்பனேட். சூடு ஏற ஏற அதன் அணுக்கள் பலமாக அதிரும். ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் கரியமில வாயு பிரிந்து வெளியேறும்; கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு, தங்கும். இதுதான் வெப்பச் சிதைவு. பிரிந்த வாயு உள்ளேயே தேங்கினால் சுண்ணாம்போடு சேர்ந்து மீண்டும் கல்லாகிவிடும். அதனால்தான் காளவாய்க்கு நல்ல காற்றோட்டம் வேண்டும்.

இன்னும் சூடேற்றினால் சுண்ணாம்பும் பிரியுமா? அது லேசில் பிரியாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் சுடரில் காட்டினாலும் கண்கூசும் வெள்ளொளி வீசுமே தவிர உடையாது. 19ஆம் நூற்றாண்டு நாடக மேடைகளில் அந்த ஒளியையே விளக்காக வைத்தார்கள். எந்த நெருப்புக்கும் மசியாததால் 1789இல் வேதியியலர் லவாய்சியே தம் தனிமப் பட்டியலில் சுண்ணாம்பையும் சேர்த்தார்.

1800இல் வோல்டாவின் மின்கலம் வந்தது. அதே ஆண்டு நிக்கல்சனும் கார்லைலும் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்துக் காட்டினார்கள். 1808இல் லண்டனில் வேதியியலர் ஹம்ப்ரி டேவி, ஈரச் சுண்ணாம்போடு பாதரச ஆக்சைடைக் கலந்து மின்சாரம் பாய்ச்சினார். பிரிந்த உலோகம் பாதரசத்தோடு கலந்தது. பாதரசத்தை ஆவியாக்கி நீக்கியபோது கால்சியம் கிடைத்தது.

நெருப்பால் முடியாதது மின்சாரத்தால் எப்படி முடிந்தது? சுண்ணாம்பில் ஒவ்வொரு கால்சியம் அணுவும் 2 எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் இழந்து நிற்கிறது. உலோகமாக வேண்டுமானால் அவை திரும்பக் கிடைக்க வேண்டும். மின்கலத்தின் எதிர்முனை அவற்றை நேராகவே கொடுக்கிறது. நேர்முனை மறுபக்கத்தில் எலெக்ட்ரான்களைப் பறிக்கிறது. ஆனால் இப்படி எலெக்ட்ரான்களை இழந்த, பெற்ற அணுக்களான அயனிகள் முனைகளை நோக்கி நகர வேண்டும். அதனால் பொருளை உருக்கியோ கரைத்தோதான் மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரத்தால் பிரிப்பது, செய்ய முடியும். அலுமினியமும் சோடியமும் இன்று இவ்வழியிலேயே தயாராகின்றன.

காளவாயில் நடப்பதுபோலவே சிமென்ட் ஆலைச் சூளையிலும் அதே சுண்ணாம்புக்கல்தான் சிதைகிறது. நிலக்கரியை விட்டு வேறு எரிபொருளுக்கு மாறினாலும் கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியே வந்தே தீரும். அந்த வாயுவைச் சூளையிலேயே பிடிப்பது, சிமென்ட்டில் சுட்ட சுண்ணாம்புக்கல்லின் பங்கைக் குறைப்பது ஆகிய இரண்டும் இன்று அவசரத் தேவைகள்.