உங்களுக்குத் தெரியுமா? நடையைவிட முன்னால் நின்ற ஆசை

தண்டுவடம் அடிபட்டவருக்கு முதலில் எது திரும்ப வேண்டும்? நடை என்றுதான் நினைப்போம். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 681 பேரிடம் இதைக் கேட்டார்கள். கைகளும் முடங்கியவர்கள் கையைத்தான் கேட்டார்கள். கால்கள் மட்டும் முடங்கியவர்களில் அதிகம் பேர் முதலிடம் தந்தது பாலுறவுத் திறனுக்கு!

சிறுநீர், மலம் வரை விசாரிக்கும் டாக்டர் அதற்குமேல் கேட்கத் தயங்குவதுண்டு; நோயாளிக்கும் கூச்சம். கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. தண்டுவடத்தின் அடிநுனி நரம்புகள் பிழைத்திருந்தால், மனத்தில் கிளர்ச்சி எழாவிட்டாலும் தொடுதலிலேயே ஆணுக்கு விறைப்பு வரலாம். பெண்ணுக்குச் சில மாதங்களில் மாதவிடாய் திரும்பும், கருத்தரிக்கவும் முடியும். காயம் மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை: உறவின்போது திடீர்த் தலைவலி வந்தால் உடனே நிறுத்தி, எழுந்து உட்கார வேண்டும். இரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம்.